பனிவெளியில் நாக்ஸ் அளக்க நீல ஒளி மாற்றிக் கருவி: வாங்கலாமா?

துருவப் பனியின் மேல் நாக்ஸ், அதாவது நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும், அளக்கக் கருவி தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது, மாலிப்டினம் மாற்றி வைத்த சாதாரண நாக்ஸ் அளவிதான். (மாற்றி என்பது நைட்ரஜன் டை ஆக்சைடை, கருவி அளக்கக்கூடிய நைட்ரிக் ஆக்சைடாக்கும் பகுதி.) நகரச் சாலையோரத்துக்கு அது போதும், பனிக்கு ஆகாது. இங்கே பார்க்கப் போவது அதன் விலை கூடிய உறவுக்காரனை: இரட்டைத் தடம், குளிரூட்டிய ஒளி உணரி, 395 நானோமீட்டர் எல்இடி விளக்கில் ஓடும் நீல ஒளி மாற்றி மூன்றும் சேர்ந்த வேதி ஒளிர்வு அளவி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்லது, வாங்கலாம். ஆனால் கெடுவதில் பெரும்பங்கு குழாயிலும் சுழியத்திலும் (நாக்ஸ் இல்லாத காற்றில் கருவி காட்டும் எண்) நடக்கிறது. அதற்கும் பணமும் நேரமும் ஒதுக்காதவர்கள் வாங்கிப் பயனில்லை.

மாலிப்டினம் ஏன் ஆகாது? பனியில் படிந்த நைட்ரேட் வெயில் பட்டதும் சும்மா இருப்பதில்லை. சுமார் 302 நானோமீட்டரில் உச்சம் கொண்ட பட்டையில் புற ஊதாக் கதிரை உறிஞ்சி உடைகிறது. பெரும்பாலும் நைட்ரஜன் டை ஆக்சைடாகவும், கொஞ்சம் நைட்ரைட்டாகவும் மாறுகிறது. அந்த நைட்ரைட்டிலிருந்து நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஸ் அமிலமும் பிறக்கின்றன. 1998 கோடையில் தென் துருவத்தில் நடந்த இஸ்காட் என்ற காற்று வேதியியல் ஆய்வில் நைட்ரிக் ஆக்சைடு நூற்றுக்கணக்கான பிபிடி அளவுக்கு வந்தது இதனால்தான். (பிபிடி என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு.) கிரீன்லாந்தின் சம்மிட் நிலையத்தில் பனித் துளைகளுக்குள் இருந்த காற்றில், மேலே இருந்ததைவிட நாக்ஸ் பல மடங்கு கூடுதலாக இருந்ததும் 1990களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. ஆக, உறிஞ்சும் காற்றில் நாக்ஸ் மட்டும் இல்லை. நைட்ரஸ் அமிலம், நைட்ரிக் அமிலம், பெர்நைட்ரிக் அமிலம், பான் (பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட்) எல்லாமே கூட வரும். 325 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய மாலிப்டினம் இவற்றில் பெரும்பங்கை நைட்ரிக் ஆக்சைடாக்கி, ஒட்டுமொத்தமாக நைட்ரஜன் டை ஆக்சைடு கணக்கில் எழுதிவிடும். கறியும் சோறும் ஒரே தட்டில் வைத்து எடை போட்ட கதை.

நீல ஒளி மாற்றி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தவிர்க்கிறது. 395 நானோமீட்டர் ஒளி நைட்ரஜன் டை ஆக்சைடைத்தான் முக்கியமாக உடைக்கும். நைட்ரஸ் அமிலத்திலும் சிறு பங்கு உடையும், அதைத் திருத்தத்தில் சேர்க்க வேண்டும். விளக்கின் சூட்டில் அறை வெதுவெதுப்பானால் பானும் பெர்நைட்ரிக் அமிலமும் வெப்பத்தாலேயே சிதைந்து கணக்கில் ஏறும். அதனால் விளக்குக்கும் காற்றறைக்கும் இடையே நல்ல குளிரூட்டல் உள்ள மாதிரியையே கேளுங்கள். மாற்றியின் வெளிவாய்க் காற்று எத்தனை டிகிரி என்று விற்பவரைக் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உள்ளே நடப்பது எளிது. நைட்ரிக் ஆக்சைடோடு ஓசோனைக் கலந்தால் கிளர்ந்த நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகி, 600 நானோமீட்டருக்கு மேல் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ஒளிரும். அந்த மங்கலான ஒளியை எண்ணுவதுதான் வேலை. அறை அழுத்தம் சில பத்து டாருக்குள் (டார் அழுத்த அலகு, கடல் மட்டக் காற்று சுமார் 760 டார்) இருந்தால்தான் மற்ற மூலக்கூறுகள் மோதி ஒளியை அணைக்காது. ஒளி உணரி மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் இருட்டு எண்ணிக்கை (ஒளி இல்லாதபோதும் உணரி காட்டும் எண்) அடங்கும். ஓசோனை முன்கூட்டியே கலக்கும் முன்வினை அறை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாத மாதிரியில், ஓசோனோடு மெதுவாக வினைபுரியும் மற்ற வாயுக்களின் ஒளியைப் பிரித்துக் கழிக்க வழியில்லை. சாலையோரத்தில் அது பொருட்டில்லை. 20 பிபிடி அளக்கும் இடத்தில் அதுவே பாதி எண்ணாகிவிடும்.

இரட்டைத் தடம் ஏன்? ஒற்றைத் தடக் கருவி ஒரு நிமிடம் நைட்ரிக் ஆக்சைடு, அடுத்த நிமிடம் மொத்தம் என்று மாறி மாறி அளக்கும். இடையில் காற்று மாறினால் கழித்தலில் எதிர்மறை எண் வந்து நிற்கும். பனிக்கு மேல் இரண்டு உயரங்களில் காற்றெடுத்து, உயரத்தோடு அளவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பவர்களுக்கு இது அறவே உதவாது.

தரவுத்தாளில் மாற்றத் திறன் 50 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது கடல் மட்ட எண். அண்டார்டிகாவின் டோம் சி நிலையம் 3233 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அழுத்தம் சுமார் 645 ஹெக்டோபாஸ்கல். நிறை ஓட்டத்தை மாற்றாமல் விட்டால், மாற்றியின் அறைக்குள் காற்று தங்கும் நேரம் அதே விகிதத்தில் குறையும். 50 சதவீதம் அங்கே கிட்டத்தட்ட 36 சதவீதமாக இறங்கும். திறனால் வகுத்துத்தான் விடை வருகிறது என்பதால் இரைச்சலும் 2 மடங்கிலிருந்து 2.8 மடங்காக ஏறும். ஓட்டத்தைக் குறைத்து ஈடுகட்டலாம், ஆனால் அப்போது குழாயில் தங்கும் நேரம் நீளும். விளக்கும் மாதங்கள் போகப்போக மங்கும். எனவே வாரம் ஒருமுறையாவது வாயு நிலை டைட்ரேஷன் (நைட்ரிக் ஆக்சைடில் ஓசோன் சேர்த்துத் தெரிந்த அளவு நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாக்கிப் பார்ப்பது) செய்து திறனை நேரடியாக அளக்க வேண்டும்.

அளவுத்திருத்தத்துக்கு நைட்ரஜனில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நைட்ரிக் ஆக்சைடு சிலிண்டர் போதும். நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டர் வீதம் 1500 மில்லிலிட்டர் மாதிரிக் காற்றில் சேர்த்தால் சுமார் 3.3 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கிடைக்கும். இதில் வழக்கமான தவறு ரெகுலேட்டரில்தான். புதிதாக மாட்டிய ரெகுலேட்டரில் அடைந்திருக்கும் காற்றின் ஆக்சிஜன் உள்ளேயே நைட்ரிக் ஆக்சைடைத் தின்று டை ஆக்சைடாக்கிவிடும். துருப்பிடிக்கா எஃகு ரெகுலேட்டர் வாங்கி, வால்வைத் திறந்து மூடி, அழுத்தத்தை இறக்கி, பத்து முறையாவது கழுவுங்கள். 5 மில்லிலிட்டர் ஓட்டத்தில் இணைப்புக் குழாய் நிரம்பவே நேரம் பிடிக்கும் என்பதால் முதல் அரை மணி எண்களைத் தூக்கி எறியலாம்.

சுழியம்தான் இந்தக் கருவியின் உண்மையான பலவீனம். மாற்றியின் சுவரில் ஒட்டிய நைட்ரேட் மேல் விளக்கொளி பட்டதும் அதுவும் உடைந்து எண்ணில் ஏறும். பனியில் நடப்பதேதான் பெட்டிக்குள்ளும் நடக்கிறது! மற்ற இடங்களில் இரவில் ஓசோன் நைட்ரிக் ஆக்சைடை முழுதாகத் தின்றுவிடுவதால், நள்ளிரவு எண்ணைச் சுழியமாக வைத்துச் சரிபார்ப்பார்கள். துருவக் கோடையில் இரவே இல்லை, அந்த இலவசச் சோதனையும் இல்லை. குளிர்கால இருட்டில் கருவியை ஓட்ட வாய்ப்பு இருந்தால் அதை விடாதீர்கள். இல்லையென்றால் மணிக்கு ஒருமுறை சுழியக் காற்று விட வேண்டும். கரியும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினாவும் அடுத்தடுத்து அடைத்த குப்பி போதுமானது. அந்தக் காற்றைக் கருவியின் பின்வாயில் விடாமல், உறிஞ்சு குழாயின் வெளி நுனியில் வழிந்தோடும்படி விடுங்கள். பின்வாயில் விட்டால் குழாயின் குற்றம் கணக்கில் வராது.

குழாய்க்கு வருவோம். 4 மில்லிமீட்டர் உள்விட்டம், 20 மீட்டர் நீளமுள்ள பிஎஃப்ஏ (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) குழாயின் கொள்ளளவு சுமார் 250 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 1.5 லிட்டர் உறிஞ்சினால் காற்று உள்ளே 10 விநாடி இருக்கும். குழாய் அறை வெப்பத்தில் இருந்து, ஓசோன் 30 பிபிபி என்றால், அந்த 10 விநாடியில் நைட்ரிக் ஆக்சைடில் எட்டில் ஒரு பங்கு டை ஆக்சைடாகிவிடும். குளிரில் இந்த வினை மெதுவாகும். ஆனால் குழாயைச் சூடாக்காவிட்டால் உறைபனி அடைக்கும், சூடாக்கினால் பெர்நைட்ரிக் அமிலம் சிதையும். இரண்டுக்கும் நடுவே ஒத்துவருவது: வெளிப்பகுதியைச் சூடாக்காமல் காப்புறை மட்டும் சுற்றுவது, நீளத்தை முடிந்தவரை குறைப்பது, ஓட்டத்தைக் கூட்டிப் பக்கவழியில் வெளியேற்றுவது. காப்புறை கருப்பாக இருக்கட்டும். பிஎஃப்ஏ புற ஊதாவை உள்ளே விடும், சுவரில் படிந்த நைட்ரிக் அமிலம் வெயிலில் உடைந்து இல்லாத நாக்ஸைக் காட்டும். நுனியில் வடிகட்டி வைத்தால், அதில் சிக்கும் பறக்கும் பனித்துகள்களும் இதே வேலையைச் செய்யும். நாள்தோறும் மாற்ற ஆள் இல்லையென்றால் வடிகட்டியைக் கருவிக்கு அருகே வைப்பதைவிட, நுனியைக் கீழ்நோக்கித் திருப்பிக் குடை மாட்டுவது மேல்.

இன்னொரு பொல்லாத விஷயம் கசிவு. பிஎஃப்ஏயும் எஃகும் குளிரில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அறையில் இறுக்கிய நட்டு வெளியே தளரும். குளிர்ந்த பிறகு கால் சுற்று மீண்டும் இறுக்கி, நுனியை அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். ஆள் இருக்கும் கொட்டகைக்குள் கசிந்தால் கருவி அளப்பது பனியை அல்ல, கொட்டகையை. ஜெனரேட்டர் புகையும் பனி ஸ்கூட்டரும் அப்படியே. காற்றுத் திசையையும் வேகத்தையும் அதே கோப்பில் பதிவு செய்து, நிலையத்தின் பக்கமிருந்து வீசிய நேரங்களைப் பின்னர் நீக்கத் தயாராக இருங்கள்.

பராமரிப்பில் முதலில் போவது பம்ப். வெளியேறும் ஓசோன் உதரவிதானத்தை அரித்துவிடும் என்பதால், பம்புக்கு முன்னால் ஓசோன் அழிப்பான் கட்டாயம். ஓசோன் உண்டாக்கத் தூய ஆக்சிஜன் ஊட்டினால் கரிக்குப்பியைப் பயன்படுத்தாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. வெப்ப அழிப்பான் வையுங்கள். காற்று ஊட்டும் மாதிரியில் உலர்த்தி தீர்ந்தால், ஈரத்தில் நைட்ரிக் அமிலம் உண்டாகி வினையறைச் சன்னலில் வெள்ளையாகப் படியும், உணர்திறன் நாளுக்கு நாள் இறங்கும். குளிரிலிருந்து உள்ளே கொண்டுவரும் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டியபடியே ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள், இல்லையெனில் மின்பலகையில் நீர் பூக்கும். வறண்ட காற்றில் விரலில் நிலைமின் ஏறியிருக்கும். பனிக்கட்டி நல்ல தரையிணைப்பு தராது. விசைப்பலகையைத் தொடுமுன் சட்டகத்தைத் தொடும் பழக்கம் வேண்டும்.

மாற்றுக் கருவி உண்டா? 450 நானோமீட்டர் ஒளி உறிஞ்சப்படுவதை வைத்து நேரடியாக நைட்ரஜன் டை ஆக்சைடு அளக்கும் கேப்ஸ் வகை, எடை குறைந்தது, மாற்றி தேவையில்லை. அடிக்கோடு (சுழிய எண்) நகர்வதால் சில பத்து பிபிடி மட்டும் இருக்கும் கடற்கரைப் பனிக்கு அது தனியாகப் போதாது. நாக்ஸ் கூடுதலாக இருக்கும் உயரமான பீடபூமியில் கோடைக்கு ஓடும். நைட்ரிக் ஆக்சைடுக்கு எப்படியும் ஒளிர்வு அளவியைத்தான் நாட வேண்டும்.

ஆர்டர் போடும்போது கூடவே எழுத வேண்டியவை: இரண்டு செட் பம்ப் உதரவிதானம், ஒரு மாற்று விளக்குத் தொகுதி, கருப்புக் காப்புறை, அளவுத்திருத்தச் சிலிண்டர் இரண்டு. ஒன்று தீர்ந்தால் அடுத்தது வர அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.