வீட்டு ஷெட்டில் பந்தயக் கார் கட்ட மாருதி எஸ்டீம் போதுமா?

போதும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து, குறைந்த பணத்தில், வீட்டு ஷெட்டிலேயே ட்ராக்கில் ஓட்ட ஒரு காரைக் கட்ட நினைத்தால், இன்றைக்கு நம் ஊரில் பழைய எஸ்டீமை விடப் பொருத்தமான வண்டி இல்லை. கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கூரை ஷெட்டில், 2002ஆம் ஆண்டு எஸ்டீம் எல்எக்ஸ்ஐ ஒன்றை முழுக்கப் பிரித்துக் கட்டி, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். கூட்டாளிகளில் ஒருவன் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். இன்னொருவன் மில் எலக்ட்ரீஷியன். மூன்றாமவர் வங்கியில் வேலை பார்ப்பவர், கணக்கு நோட்டு அவர் கையில். அந்த நோட்டு இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

விலை ஏன் மலிவு என்பதற்குக் காரணம் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான். எஸ்டீம் தயாரிப்பு 2007இல் நின்றுவிட்டது. ஆகவே, இன்று கண்ணில் படுகிற எல்லா எஸ்டீமும் மறுபதிவைத் தாண்டியாக வேண்டிய வண்டிதான். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடித்து எஃப்சிக்குக் காட்டுகிற செலவு தனி. அவ்வளவு செலவழிக்க மனமில்லாமல் போர்டிகோவில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் 45,000 ரூபாய்க்கு முடித்தோம்.

வாங்கும்போது பெயிண்டையோ சீட்டையோ பார்க்க வேண்டாம். எப்படியும் பிடுங்கி எறியப் போகிறோம். துருவைப் பாருங்கள். டிரைவர் பக்க மிதியடியைத் தூக்கி, அடியில் சத்தத்தை அடக்க ஒட்டியுள்ள தார்ப் பட்டையை ஓரமாகக் கிளப்பி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்த தகடு சத்தத்தை விழுங்கிவிடும். அதே ஸ்க்ரூடிரைவரின் முனையை ஜாக்கி வைக்கும் இடத்திலும், டிக்கிக்குள் பின் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் வந்து சேரும் மேட்டிலும் வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் விலை பேசாமல் திரும்பிவிட வேண்டியதுதான். கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜின் கால் பதிவது இந்தத் தகட்டின் மேல்தான்.

எஞ்சினைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை மட்டுமே இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த ஆரம்பகால எஸ்டீம் வேண்டாம், அது 65 குதிரைத்திறன்தான். 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) எஞ்சின் உள்ளதாகத் தேடுங்கள். ஜி13பிபி என்று பெயர், 1298 சிசி, 85 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள கார் அது. ஏசி, பின் சீட், கார்பெட், கதவு அட்டைகள், தார்ப் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, இரண்டாவது கியரில் அது பாய்கிற பாய்ச்சல் வீட்டு வண்டியில் கண்டதே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், இந்த எஞ்சின் எஸ்டீமோடு நிற்கவில்லை. ஜிப்சி கிங், வெர்சா, 2005இல் வந்த முதல் ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் இதுதான். உக்கடத்தில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் சொன்னார்: “எஸ்டீமுக்கு இருக்கிறதா என்று கேட்காதீர்கள் தம்பி, 1.3க்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.” அப்படிக் கேட்கத் தொடங்கியதும் ரிங், பேரிங், கேஸ்கெட் எதற்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

இதற்குக் கோயம்புத்தூரில் ஒரு பரம்பரையும் உண்டு. 1980களின் இறுதியில் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை இங்கேதான் உருவாக்கினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அந்த வகைக் காரில்தான். செட்டிபாளையம் ட்ராக் கரிவரதன் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினில் பந்தயம் ஓட்டலாம் என்று இந்த ஊருக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு உண்டு.

பணத்தை எங்கே போடுவது? எஞ்சினில் போடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எங்கள் ரோல் கேஜுக்குக் கார் விலையைப் போல் இரண்டு மடங்கு ஆனது. அதில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்புத்தகத்தின் இணைப்பு ஜே, 253ஆவது பிரிவை அச்செடுத்து ஷெட் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினோம். டிரைவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் உள்ள குழாய் வேண்டும். இல்லையென்றால் 50க்கு 2. அது குளிர் முறையில் இழுத்த, மூட்டில்லாத குழாயாக இருக்க வேண்டும். பட்டறையில் சிடிஎஸ் என்பார்கள். கேட்டுக்கும் நாற்காலிக்கும் போடும் ஈஆர்டபிள்யூ குழாய் தகட்டைச் சுருட்டி ஓரத்தை வெல்ட் செய்தது, அது கூடாது. ஒரு கடையில் சிடிஎஸ் விலை வாங்கிக்கொண்டு ஈஆர்டபிள்யூவைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். குழாயின் ஒரு முனையில் செல்போன் டார்ச்சைப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தபோது, உள்சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு, மெல்லிய தழும்பைப் போல், கடைசி வரை ஓடியது. கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தோம். அந்தக் கோட்டின் மேல் ஒரு மனிதரின் தலை நம்பி உட்காரப் போகிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. கோடு கண்ணில் படாதபடி உள்ளேயும் செதுக்கிய குழாய்களும் சந்தையில் உண்டு. அதனால் டார்ச்சோடு நிற்காமல் மில் சான்றிதழையும் கேளுங்கள்.

குழாயைத் தட்டையாகாமல், உள்பக்கம் சுருக்கம் விழாமல் வளைப்பதற்கு மாண்ட்ரல் பெண்டர் (உள்ளே தாங்குதண்டு வைத்துக் குழாயை வளைக்கும் இயந்திரம்) உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் ஷெட்டிலேயே முடியும். குழாயோடு குழாய் சேரும் இடத்தை மீன்வாய் வடிவில் லேத் நண்பன் வெட்டிக் கொடுத்தான், இடைவெளியில் தாள் நுழையாத அளவுக்கு. அடுத்த சிக்கல் கூரை. கேஜ் கூரையை ஒட்டி நிற்பதால் மேல் மூட்டின் பின்புறத்துக்கு வெல்டிங் டார்ச் போகாது. முக்கால் பாகம் வெல்ட் செய்துவிட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் நான்கு கால்களும் பதியும் இடத்தில் தரைத் தகட்டில் ஓட்டை போட்டு, கேஜை அதன் வழியே கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் வெல்ட் செய்து, மீண்டும் தூக்கி நிறுத்தி, ஓட்டைகளின் மேல் தகடுகளை வைத்து மூடினோம். ஒவ்வொரு காலுக்கும் 3 மி.மீ. தடிமனில் 120 சதுர செ.மீ. வலுவூட்டல் தகடு, குறைந்தது மூன்று எம்8 போல்ட், அதுவும் 8.8 கிரேடு. போல்ட்டின் தலையிலேயே 8.8 என்று பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

சீட்டையும் பெல்ட்டையும் பழையதாக வாங்கும்போது லேபிளைத் தேடிப் படியுங்கள். எஃப்ஐஏவின் 8853-2016 தரத்துப் பெல்ட்டுக்குப் பத்து ஆண்டு ஆயுள், அதற்கு முந்திய 8853/98க்கு ஐந்துதான். விபத்தில் இழுபட்ட பெல்ட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

பிரேக்கில் எஸ்டீம் சாலை வண்டிதான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ட்ராக்கில் சுற்றுக்குச் சுற்று சூடு ஏறும். பின்பக்கத்தை மாற்ற நாங்கள் முயலவில்லை, தேவையும் படவில்லை. முன்னால் நல்ல பேட், பின்னிய எஃகு ஹோஸ், டாட் 4 திரவம், இவை போதுமாக இருந்தன. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே டாட் 4 சுமார் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அதனால் ட்ராக்குக்குப் போகும் முன் திரவத்தை மாற்றிவிடுகிறோம். மூடி திறந்த பாட்டிலை மறுமுறைக்கு வைப்பதில்லை.

குறைகளும் உண்டு. முன்சக்கரத்தில் ஓடும் வண்டி, சாதாரண டிஃபரன்ஷியல். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் சும்மா சுழன்று ரப்பரைத் தின்கிறது. ஆக்ஸிலரேட்டரைப் பொறுமையாக மிதிக்கப் பழக வேண்டும். நீண்ட வளைவுகளில் சம்ப்பிலுள்ள (எஞ்சினின் அடித்தொட்டி) ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். சம்ப்பைக் கழற்றித் தடுப்புத் தகடு வைத்து, டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டரும் பொருத்துவது கட்டாயம். கியர் லிவர் புஷ் இத்தனை வயதான வண்டியில் தேய்ந்துதான் இருக்கும். சில நூறு ரூபாய் வேலை, முதலிலேயே முடித்துவிடுங்கள். பழைய பலீனோ செடானின் 1.6 எஞ்சினை இதில் உட்கார வைக்கலாம், பலர் செய்திருக்கிறார்கள். முதல் காருக்கு அது வேண்டாம் என்பேன். 85 குதிரையை முழுதாக ஓட்டக் கற்றுக்கொள்வதற்கே எங்களுக்கு நிறைய மிச்சமிருக்கிறது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுக்கு மாறான மாற்றங்களை அனுமதிப்பதில்லை. இப்படிக் கட்டிய கார் சாலையில் ஒரு அடிகூட ஓடக் கூடாது. 55ஆம் பிரிவின் கீழ் ஆர்சியை ரத்து செய்துவிட்டு, ட்ராக்குக்கு ஒவ்வொரு முறையும் டிரக்கில் ஏற்றித்தான் கொண்டு போகிறோம். அந்த வாடகையையும் கணக்கு நோட்டில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முறையான பந்தயத்தில் இறங்குவதென்றால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் வேண்டும். அந்தந்தப் பிரிவின் விதிகளைக் கேஜ் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

இரண்டு எஸ்டீம் கண்ணில் பட்டால் இரண்டையும் வாங்குங்கள். எஞ்சின் சாமானுக்குக் கவலை இல்லை. முன்கண்ணாடி, பானெட், ஃபெண்டர், பின் ஸ்ட்ரட், கதவுக் கீல், இவற்றை எஸ்டீமின் முன்னோடியான மாருதி 1000ஐத் தவிர வேறெந்த மாருதியிலிருந்தும் எடுப்பது கடினம். பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போக, அவையும் போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் இரண்டாவது வண்டி மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. அதிலிருந்து ஒரு ஃபெண்டரும் பின் ஸ்ட்ரட் இரண்டும் இதற்குள் வெளியே வந்துவிட்டன.