650 டொலரும் ஒரு ‘கரண்டி’யும்: பழைய ஸ்நோ புளோவர் வாங்க இருப்பவர்களுக்கு

செவ்வாய் இரவு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கொட்டியது பூச்சியப் பாகையை ஒட்டி விழும் ஈரப்பனி. பிசைந்த இடியப்ப மா மாதிரிக் கனம். ஷவலில் ஒருமுறை அள்ளினாலே முதுகு கதை சொல்லும். இதற்குப் பயந்துதான் மூன்று வாரத்துக்கு முன் 650 டொலர் கொடுத்து ஸ்நோ புளோவரை, பனியை வாரி வீசும் அந்த மெஷினை வாங்கினேன்.

பழைய சாமான்கள் விற்கும் ஒரு தளத்தில் விளம்பரம். போனால் நம்மவர். சிவப்புக் கம்பளம் விரித்த கராஜைத் திறந்தார், ஒரே இழுவையில் ஸ்டார்ட். “அண்ணை, நம்பி எடுங்கோ. 30 நாள் கரண்டி.” (கரண்டி என்றால் எங்கள் வாயில் ‘கேரண்டி’, உத்தரவாதம்.) உள்ளேயிருந்து பிளேன்ரீ வந்தது. ஊரைக் கேட்டேன், எங்கள் பக்கத்து ஊர். அதோடு என் மூளை லீவில் போய்விட்டது. எஞ்சினில் கை வைத்தபோது சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன்னமே ஏன் சூடு என்று கேட்க வாய் வரவில்லை. அங்கேயே நின்று இ-ட்ரான்ஸ்பரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரே, 650 டொலரை அனுப்பிவிட்டேன்.

புதன் காலை அரை மணித்தியாலம் கயிற்றை இழுத்துத்தான் உயிர் வந்தது. பத்தடிக்கு ஒருமுறை பனி வீசும் குழாய் அடைத்தது. ஆத்திரத்தில் கையை உள்ளே விடப் போனேன். மனைவி கத்தியிராவிட்டால் இதை யாரோ எனக்காகத் தட்டச்சு செய்திருப்பார்கள். பிறகு, தெருப் பனியை வழிக்கும் பிளவ் வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன குவியல். அதற்குள் ஒரு ஐஸ் கட்டி. டக்! எஞ்சின் ஓடுகிறது, உள்விசிறி சுற்றுகிறது, பனியை வாரும் முன் திருகு மட்டும் அசையவில்லை.

மெஷின் திருத்துகிறவர் கியர்பாக்ஸைத் திறந்து காட்டினார். கிரீஸ் முழுக்கப் பொன்தூள் மாதிரி மினுக்கம். வெண்கலப் பற்சக்கரம் அரைபட்ட தூள். கல்லோ ஐஸோ சிக்கினால் தான் முறிந்து கியரைக் காப்பாற்றத்தான் ஷியர் பின் இருக்கிறது. விற்றவர் அதைக் கழற்றிவிட்டு முறியாத இரும்பு போல்ட்டை முறுக்கி வைத்திருக்கிறார். திருத்தக் கூலி 480.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். “ஈரப்பனிக்கு எந்த மெஷினும் அப்பிடித்தான் அண்ணை.” அடுத்த நாள், “நீங்கள் பிழையான பெற்றோல் விட்டிருப்பியள்.” கரண்டி என்றீர்களே? “அது எஞ்சினுக்கு மட்டும்.” பிறகு நீல டிக் மட்டும். இன்று அதுவும் இல்லை, தடுத்துவிட்டார். தளத்துக்கு முறையிட்டால் ‘கவனத்தில் எடுத்தோம்’ என்று தானியங்கிப் பதில். வங்கியோ, போய்ச் சேர்ந்த இ-ட்ரான்ஸ்பரைத் திருப்ப முடியாது என்கிறது. 650 டொலருக்குக் கிடைத்த கரண்டி, சோறு பரிமாறக்கூட உதவாது.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபம் விடுகுதில்லை. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஷியர் பின்னைக் குனிந்து பாருங்கள். கரண்டியை எழுத்தில் வாங்குங்கள். குழாய் அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, தடியால் குத்துங்கள். நிறுத்திய பிறகும் கை வேண்டாம். பிளேன்ரீ குடிக்காதீர்கள்.

அதே கராஜ், அதே சிவப்புக் கம்பளம், வேறு மெஷின். இன்று காலை புது விளம்பரம் போட்டிருக்கிறார். விலை 700.