அந்தத் திண்ணை வீட்டை இடிப்பதா, பழுது பார்ப்பதா?

ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, உடனே அகற்ற வேண்டும் என்பது அதன் சாரம். வீடு புதுச்சேரியின் தமிழர் பகுதியில், பிரெஞ்சுப் பகுதியைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதன் கீழே திண்ணை, உள்ளே கூடம், முற்றம், பின்கட்டு, கிணறு. மாடி பிற்காலத்தில் எழுப்பியது. அங்கே வளைவு வைத்த ஜன்னல், காரைத் தூண், பலகைக் கதவு. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு என்று இந்த ஊருக்கே உரிய அமைப்பு. ரங்கப்பிள்ளை தெருவில் 18ஆம் நூற்றாண்டு ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். இது அந்த அளவுக்குப் பெரியதில்லை. பெயர் பெற்ற யாரும் இங்கே வாழவுமில்லை.

நோட்டீஸ் வந்த அன்றே தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடித்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம், தொடவே கூடாது என்று மறுபக்கம். நான் இரண்டு பக்கமும் போய்ப் பேசினேன், மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினேன், வீட்டுக்கார அம்மாவையும் பார்த்தேன். முன்கட்டையும் முற்றத்தையும் பழுது பார்த்துக் காப்பாற்ற வேண்டும், பின்கட்டை இறக்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இந்த முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அதுவே 38 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2011இல் முடிந்துபோனது, அப்புறம் தேர்தல் இல்லை. கவுன்சிலரைத் தெருவுக்கு அழைத்துவந்து காட்டிப் பேசும் வழி எங்களுக்கு இல்லை. அதிகாரிகள் கோப்பைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கோப்பில் ஒரு வீடு ஆபத்தானது, இல்லையென்றால் ஆபத்தில்லாதது. பாதி நன்றாகவும் பாதி மோசமாகவும் இருக்கும் வீட்டை எழுத அதில் இடமில்லை.

வீட்டின் உடம்பு

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசித் தலைமுறையில் ஒருவர். மாடித் தளத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு உத்தரமாகத் தட்டினார். நடுவில் தட்டினால் கணீரென்று கேட்டது. சுவரை நெருங்க நெருங்க நாலு உத்தரங்களில் மட்டும் ஓசை 'பொத்' என்று மாறியது. அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது அதில் ஈரமான காப்பிப்பொடி போல ஒன்று ஒட்டியிருந்தது.

"கட்டைக்கு ஒண்ணும் ஆவல சார். சுவத்துக்குள்ள போற முனைதான் போயிடுச்சு. ஒரு முழம் வெட்டிட்டு தேக்குல ஒட்டுப் போட்டு, இரும்புப் பட்டை அடிச்சா நிக்கும்."

மொத்தம் பதினொரு உத்தரங்கள். ஏழு நன்றாக இருக்கின்றன. மழைநீர் சுவரின் உச்சியில் இறங்கி, கட்டையின் முனை சுவருக்குள் பொதிந்திருக்கும் இடத்தில் தங்கிவிடுகிறது. அங்கே காற்று போகாது. முதலில் மக்குவது அந்த ஒரு முழம்தான். கீழே இருந்து பார்ப்பவருக்குத் தளமே தொய்ந்து தெரியும், உத்தரமே போய்விட்டது என்று நினைப்பார்.

தளம் ஏன் ஒழுகியது? அது மெட்ராஸ் டெரஸ். உத்தரத்தின் மேல் குறுக்குக் கட்டை, அதன் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, கடைசியில் தட்டோடு. ஒழுகியபோதெல்லாம் யாரோ மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். உடைந்த ஓரத்தில் எண்ணினேன், மூன்று பூச்சு. அத்தனை பாரமும் அந்த முனைகள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவரிலும் இதே கதைதான். ஒன்றரை அடிச் செங்கல் சுவர் தரையிலிருந்து ஓதத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் போய்விடும். சிமென்ட் பூசி அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து கொட்டுகிறது. நல்லது என்று நினைத்துச் செய்த ரிப்பேர்தான் இந்த வீட்டுக்கு அதிகக் கெடுதல் செய்திருக்கிறது.

பின்கட்டு வேறு விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அங்கே ஓடு பறந்தது. யாரும் திரும்ப வேயவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது சமையற்கட்டுச் சுவர் விழுந்தது. மிச்சத்தில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. அதைக் காப்பாற்றச் சொல்லி நான் யாரிடமும் வாதாட மாட்டேன்.

இடித்துக் கட்டினால்

இடிக்கச் சொல்பவர்களை வீட்டின் அருமை தெரியாதவர்கள் என்று பேசுவது தவறு. அந்தத் தாழ்வாரத்தின் கீழேதான் பள்ளிப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குகிறார்கள். கடற்கரையில் 1870களில் கட்டிய மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காலத்து நகரமன்றம்) 2014 நவம்பர் மழையில் ஒரு நாள் அப்படியே சரிந்து விழுந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அரசாங்கத்தின் கையில் இருந்த கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், கேட்பாரற்ற வீட்டுக்கு என்ன உத்தரவாதம் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். என்னிடம் சுருக்கமான பதில் இல்லை.

செலவிலும் புதுக் கட்டடம் தெளிவாக இருக்கிறது. சதுர அடிக்கு 2,500 ரூபாயை ஒட்டி என்று கான்ட்ராக்டர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். வங்கிக்குப் பிளான் கொடுத்தால் கடன் கிடைக்கும். பழைய வீட்டுக்கு எஸ்டிமேட் கேட்டால் பொறியாளர், "பூச்சைக் கொத்திப் பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்கிறார். அவர் சொல்வது நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதிலை வைத்துக் கடன் வாங்க முடியாது.

வீட்டுக்கார அம்மா இப்போது முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீடு அழகுதான் தம்பி, எனக்குத் தெரியாதா. கக்கூசு கிணத்துக்கு அந்தாண்ட இருக்கு. ராத்திரி மழையில குடை பிடிச்சிட்டுப் போவணும். எழுபத்திரண்டு வயசுல முடியல. அதையும் எழுதுங்க." பழைய வீடுகளைக் காப்பாற்றச் சொல்லும் நாங்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இடிப்பதன் பக்கத்தில் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. இந்தத் தெருவில் வீடுகள் தனித்தனியாக நிற்கவில்லை. ஒரே சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து நிற்கும் வரிசையில் நடுவில் ஒன்றை உருவினால் இரண்டு பக்கத்துச் சுவர்களும் பிடிமானம் இழக்கும். அந்தச் சுவர்களின் உட்புறம் மழைக்குப் பழக்கமில்லாதது, திடீரென்று வெளிச்சுவர் ஆகிவிடும். அடுத்த ஐப்பசியில் பக்கத்து வீட்டில் ஒழுகும். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த வீட்டிலும் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஜேசிபி வைத்து இடித்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். தமிழர் பகுதியில் ஒரு மனையில் இடித்த பிறகு பக்கத்து மனைகளும் வரிசையாகக் கான்கிரீட்டாக மாறிய தெருக்களைக் காட்ட முடியும். அந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் ரசனை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு வேறு வழி இருக்கவில்லை.

கான்கிரீட் நிரந்தரம் என்பதும் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படியே உண்மையில்லை. உப்பு கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே இருக்கும் காரையைப் பிளந்துவிடும். முப்பது வயதுகூட ஆகாத மாடிகளில் சன்ஷேடு பிளந்து கம்பி தெரிவதை இந்த ஊரில் தினமும் பார்க்கிறோம். நன்றாகக் கட்டினால் நிற்கும், மறுக்கவில்லை. பழைய வீட்டையும் நன்றாகப் பராமரித்திருந்தால் நின்றிருக்கும்.

பழுது பார்த்தால்

இந்த ஊரில் இதற்கு நல்ல முன்னுதாரணம் வைசியாள் வீதி. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர்ப்படுத்தியது. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் போட்டார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, வரிசையாகப் பல வீடுகளை ஒன்றாக எடுத்துக்கொண்டதுதான். ஒரு வீட்டைத் தனியாக அழகாக்கினால் அது கண்காட்சிப் பொருள் ஆகிவிடும். வரிசை முழுக்கத் தாழ்வாரமும் திண்ணையும் இருந்தால்தான் வெயிலில் நிழலோடு நடக்கலாம், அதுதான் தெரு.

எங்கள் தெரு வீட்டுக்கு என்ன தேவை என்று மேஸ்திரியும் பொறியாளரும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னார்கள். முதலில் மேலே இருக்கும் மூன்று சிமென்ட் பூச்சுகளையும் கொத்தி எடுத்துப் பாரத்தைக் குறைக்க வேண்டும். நாலு உத்தரங்களின் முனைகளை மாற்ற வேண்டும். சுவரில் சிமென்ட்டை உரித்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைப் புளிக்கவைத்துச் செய்யும் வேலை அது, அவசரம் கூடாது. தாழ்வார ஓட்டைப் பிரித்து வேய வேண்டும். கடைசி வேலை அந்த அம்மா கேட்டது. பின்கட்டு இருந்த இடத்தில், கூடத்தை ஒட்டி, புதிதாகக் குளியலறையும் கழிப்பறையும் சமையலறையும் கட்ட வேண்டும். இது கான்கிரீட்டிலேயே இருக்கட்டும். முற்றத்துக்கு முன்னால் பழையது, முற்றத்துக்குப் பின்னால் புதியது. எல்லாம் பழையதாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அங்கே யாரும் குடிவர மாட்டார்கள்.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் குறைவு, கூலி அதிகம், நாளும் அதிகம். அப்புறம் பங்காளிகள். வீட்டுக்கு ஐந்து பேர் வாரிசு, அதில் மூவர் பிரான்சில். தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்தவர், பிள்ளைகளும் பேரன்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். விற்பதென்றால் மூவரும் பவர் பத்திரம் அனுப்பிவிடுவார்கள். ரிப்பேருக்குப் பணம் போடச் சொன்னால் பதில் வர மாதக்கணக்காகும். இந்த ஊரில் எத்தனையோ வீடுகள் கரையானைவிடப் பாகப்பிரிவினையால்தான் விழுந்திருக்கின்றன.

இன்னொரு கவலையையும் மறைக்கக் கூடாது. சீர்ப்படுத்திய வீடுகளில் பல, விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் ஆகிவிடுகின்றன. அதில் தப்பில்லை, அந்த வருமானம்தான் அவற்றை நிற்க வைக்கிறது. ஆனால் எல்லா வீடும் அப்படி ஆனால் மார்கழியில் அந்தத் திண்ணைக்கு முன்னால் கோலம் போட ஆள் இருக்காது. எங்கள் தெருவில் நாலு வீட்டில் மூன்றிலாவது குடும்பங்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. முன்மாடியை மட்டும் வாடகைக்கு விட்டுக் கீழே அம்மா குடியிருக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

நடுவழி என்று சொல்லப்படும் இரண்டு

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் அடுக்குமாடி எழுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. தெருவின் தோற்றம் தப்பிக்கும் என்பதால் அதிகாரிகளுக்கும் பிடிக்கிறது. ஆனால் முகப்புச் சுவரை உள்சுவர்களும் உத்தரங்களும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுத் தனிச்சுவரை நிறுத்திவைக்க ஆகும் இரும்புச் செலவில் பாதி ரிப்பேரே முடிந்துவிடும். முற்றம் போனால் வீட்டுக்குள் காற்றும் போயிற்று.

இன்னொன்று, இடித்துவிட்டு அதே மாதிரி கட்டுவது. மேரி கட்டடத்தை உலக வங்கிக் கடனுதவியோடு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். கடற்கரைக்கு அது வேண்டும்தான், நானும் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பொது நிதி இருந்ததால் முடிந்தது. எங்கள் தெரு வீட்டுக்கு அப்படி யாரும் தரப்போவதில்லை. ஏழு நல்ல தேக்கு உத்தரங்களை வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, அதே மாதிரி என்பது பெயின்ட் நிறத்தில் மட்டும்தான் இருக்கும்.

எதுவும் செய்யாமல் விட்டால்

இந்த ஒப்பீட்டில் யாரும் சேர்க்காத, ஆனால் பெரும்பாலும் ஜெயிக்கிற வழி இதுதான். நோட்டீஸ் இடிக்கச் சில வாரங்கள் கொடுக்கிறது. பழுது பார்க்க அனுமதி கேட்டால் வரைபடம், உரிமைப் பத்திரம், மரபுக் குழுவின் கருத்து என்று மாதங்கள் போகின்றன. அதற்குள் மழை வந்துவிடும். நாலு முனை ஆறாகும், பிறகு நோட்டீசில் எழுதியது உண்மையாகிவிடும்.

அதனால்தான் எழுதிக் கொடுத்த மனுவில் நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அகற்ற வேண்டும் என்ற உத்தரவைப் பின்கட்டுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். முன்கட்டுக்கு முட்டுக்கொடுத்து, தாழ்வாரத்துக்குக் கீழே யாரும் நிற்காமல் தடுப்பு வைக்க இன்றே எழுத்தில் அனுமதி கொடுங்கள். மரத்தையும் தளத்தையும் தட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு உங்கள் பொறியாளர் ஒரு முறை நேரில் வந்து பார்க்கட்டும். மற்றதைப் பொங்கலுக்குப் பிறகு பேசலாம்.

அனுமதி போன வாரம் வந்தது, முட்டுக்கும் தடுப்புக்கும் மட்டும். வீட்டுக்கார அம்மா பாதி, தெருக்காரர்கள் பாதி என்று பணம் போட்டுக் கடலூர்ப் பக்கமிருந்து சவுக்குக் கழிகள் இறக்கியிருக்கிறோம். நேற்று மேஸ்திரி நாலு உத்தரங்களுக்கும் கீழே இரண்டிரண்டாக நிறுத்தி ஆப்பு அடித்தார். மாடிமேல் தார்ப்பாய் விரித்து ஓரத்தில் மணல் மூட்டை வைத்தாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.