அத்தகாமாவா, சால்தா–ஹுஹுயா, ஊயூனியா? ஆண்டிஸ் உயர்பாலைக்கு மூன்று வாசல்கள்

சிலி, அர்ஜென்டினா, பொலிவியா மூன்றும் ஒன்றையொன்று தொடும் மூலையில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே உயர்பாலை விரிந்து கிடக்கிறது. எரிமலை, உப்புத்தளம், பூநாரை மேயும் ஏரி, நிறம் நிறமாய் மடிந்த மலை எல்லாமே மூன்று நாட்டிலும் உண்டு. விளம்பரப் படத்தை மட்டும் பார்த்தால் எது எந்த நாடு என்றே சொல்ல முடியாது. வித்தியாசம் இரண்டு விஷயங்களில் இருக்கிறது: ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம், பழங்கால ஊர்களையும் கோட்டைகளையும் எவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிகிறது.

படுக்கும் உயரம்

பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான். அர்ஜென்டினாவின் சால்தா நகரம் சுமார் 1,200 மீட்டர். அங்கிருந்து வடக்கே போனால் உமவாக்கா பள்ளத்தாக்கில் புர்மமார்க்கா 2,300 அளவில், தில்காரா 2,450, உமவாக்கா ஊர் 3,000 என்று படிப்படியாக ஏறும். சிலியின் சான் பெத்ரோ தெ அத்தகாமா 2,400. ஊட்டியைவிடச் சற்றே மேலே. பொலிவியாவின் ஊயூனியோ 3,660. லா பாஸுக்கான எல் ஆல்த்தோ விமான நிலையம் 4,000-ஐயும் தாண்டியது.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. பகலில் ஏறி இறங்குவதை உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும். 4,300 மீட்டரில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான்.

சால்தா, ஹுஹுய் மாகாணங்கள் வழியாகப் போகும் அர்ஜென்டினாப் பாதை இந்த விதிக்குத் தானாகவே பொருந்திவிடுகிறது. சான் பெத்ரோவும் தங்குவதற்குப் பத்திரமான ஊர்தான். ஆனால் அங்கிருந்து கிளம்பும் பகல் சுற்றுலாக்கள் மேலே பாய்கின்றன: எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் 4,300, மிஸ்காந்தி ஏரி 4,100-க்கு மேல். வந்து இறங்கிய மறுநாளே இருட்டில் வேன் ஏறித் தாத்தியோ போகிறவர்கள் தலைவலியும் வாந்தியுமாகத் திரும்புவது அங்கே சாதாரணம். முதல் இரண்டு நாளை நிலாப் பள்ளத்தாக்கு, கித்தோர் கோட்டை, உப்புத்தள ஏரிகள் என்று தாழ்வாகக் கழித்துவிட்டு, தாத்தியோவைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். விடியலில்தான் போக வேண்டுமா என்றால், ஆமாம். மைனஸ் 10 டிகிரிக் குளிரில்தான் நீராவி தூணாக எழுந்து நிற்கும். வெயில் ஏறினால் பாதி மறைந்துவிடும். அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. (அதனால் குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. மலை விடுதியில் அரிசி அரைவேக்காடாக வந்தால் சமையல்காரரைக் குறை சொல்ல வேண்டாம்.)

ஊயூனியிலிருந்து கிளம்பும் மூன்று நாள் ஜீப் சுற்று முதல் இரவு உப்புத்தள ஓரத்தில் 3,700 அளவிலும், இரண்டாம் இரவு லாகுனா கொலொராதா ஏரிப் பக்கம் 4,300 அளவிலும் படுக்கவைக்கும். மூன்றாம் நாள் விடியலில் சோல் தெ மன்யானா சேற்று ஊற்றுகளுக்காக 4,850-ஐத் தொடும். இதையே சான் பெத்ரோவிலிருந்து தலைகீழாகச் செய்யும்போதுதான் ஆபத்து: 2,400-ல் காலை உணவு, அன்று மதியமே 4,850, இரவு 4,300-ல் படுக்கை. விதியை நான்கு மடங்கு மீறும் திட்டம் இது, விற்பனையும் அமோகம். இந்தத் திசையில்தான் போக வேண்டுமென்றால் சான் பெத்ரோவில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள், அதற்குள் 4,000-க்கு மேல் இரண்டு பகல் பயணம் முடியட்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் "முதல் இரவு எந்த ஊரில்?" என்று கேளுங்கள். வில்யாமார் மாதிரி 4,000 அளவிலுள்ள கிராமத்தில் நிறுத்துகிறவர்கள் இருந்தால் அவர்களே மேல்.

உயரத்தால் வரும் மலைநோய்க்கான மாத்திரை அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கமான தடுப்பு அளவு. விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் போகும்; பயப்பட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் அந்த ராத்திரியிலேயே கீழே இறங்கிவிட வேண்டும்.

கோட்டைகளும் இடிபாடுகளும்

நிலக்காட்சியில் அத்தகாமா முதலிடம் என்றால் நான் மறுக்கமாட்டேன். இடிபாடு பார்க்கவே போகிறவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். கித்தோர் கோட்டை ஊரிலிருந்து 3 கிலோமீட்டர், சைக்கிளிலேயே போகலாம். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1540-ல் ஸ்பானியர் பிடித்தார்கள். ஆற்றைப் பார்த்த சரிவில் கல்சுவர்கள் அடுக்கடுக்காக நிற்கும், நிழல் கிடையாது. துலோர் இன்னும் பழையது, 2,000 வருஷத்துக்கு மேல். வட்டவட்டமான மண் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் கிராமம் அது. மணல் மூடித்தான் அதைக் காப்பாற்றியது. பெரும்பகுதி இன்றும் மணலுக்குள்ளேதான். வெளியே தெரிவது சுவரின் மேல்விளிம்பு மட்டும். முகப்பில் கட்டிவைத்திருக்கும் மாதிரி வீடுகளை முதலில் பார்த்துவிட்டுப் போனால்தான் அந்த வளையங்கள் புரியும்.

தில்காராவின் புகாரா கோட்டையில் நிலைமை நேர்மாறு. 1908-ல் தொல்லியலாளர்கள் அம்ப்ரோசெத்தியும் தெபெனெதெத்தியும் தோண்டத் தொடங்கிய இடம். பிறகு காசநோவா என்னும் தொல்லியலாளர் ஒரு பகுதியை மறுபடி எழுப்பினார். குறுகிய வாசலில் குனிந்து வீட்டுக்குள்ளேயே போகலாம். உள்ளே போனதும் தலையை நிமிர்த்தி உத்திரத்தைப் பாருங்கள். கார்தோன் என்னும் ராட்சதக் கள்ளியின் மரம் அது, நெடுக நீள்வாட்டத்தில் ஓட்டைகள். பெரிய மரம் இல்லாத அந்த உயரத்தில் கூரை தாங்க இதுதான் கிடைத்தது. அந்தப் பக்கத்துப் பழைய தேவாலயங்களிலும் இதே மரம்தான். கோட்டை நடுவில் நிற்கும் தட்டை உச்சிப் பிரமிடை இன்காக்கள் கட்டியதென்று நினைத்துப் படம் எடுக்காதவர்கள் குறைவு. அது தொல்லியலாளர்களுக்காக 1935-ல் கட்டிய நினைவுச்சின்னம். கட்டாமலே இருந்திருக்கலாம்.

சால்தாவுக்குத் தெற்கே, கஃபாயாத்தே ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கில்மெஸ் இடிபாடுகள். ஸ்பானியரை நூறு வருஷத்துக்கு மேல் எதிர்த்து நின்ற மக்களின் ஊர். 1660-களில் தோற்றபின் அவர்களைப் புவெனஸ் ஐரிஸ் பக்கம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் நடத்தியே கொண்டுபோனார்கள். கீழ்ச் சுவர்களோடு திரும்பிவிடாமல் பக்கவாட்டு மேட்டில் ஏறினால்தான் ஊரின் அமைப்பு முழுதாகத் தெரியும். காலை பத்து மணிக்குள் ஏறிவிடுவது நல்லது.

சால்தாவின் உயர்மலைத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 6,739 மீட்டர் யுயய்யாக்கோ உச்சியில் 1999-ல் கிடைத்த மூன்று இன்காக் காலக் குழந்தைகளின் உறைந்த உடல்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்சிக்கு வைப்பார்கள். சான் பெத்ரோ அருங்காட்சியகமோ மனித உடல்களை 2007-லேயே காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசு.

பொலிவியாவின் பலம் திவானாக்கு. ஊயூனிக்கு அது பக்கத்தில் இல்லை. லா பாஸிலிருந்து 70 கிலோமீட்டர், 3,850 மீட்டர் உயரம். கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடையில் செழித்த நகரம். ஒரே கல்லில் குடைந்த சூரிய வாசலில் மேலிருந்து ஓடும் விரிசலை எல்லோரும் பார்ப்பார்கள். கலசசாயா என்னும் கோயில் வளாகத்தின் சுவரைக் கவனிப்பவர்கள் குறைவு: உயரமாக நிற்கும் தூண்கற்கள்தான் பழையவை, அவற்றுக்கு நடுவே அடுக்கிய சின்னக் கற்கள் 20-ஆம் நூற்றாண்டில் நிரப்பியவை. வழிகாட்டி சொல்லாவிட்டால் முழுச் சுவரையும் பழையது என்றே நினைத்துவிடுவோம். 7 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பென்னெட் சிலை 1932-ல் தோண்டியெடுத்து லா பாஸுக்குப் போய், 2002-ல் ஊர் திரும்பி, இப்போது அங்கேயே அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அங்கேயே உள்ள பூமா புங்கு இடிபாட்டையும் தவறவிடக் கூடாது. பெருங்கற்களை உலோகத்தால் பிணைக்க வெட்டிய பள்ளங்களை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம்.

சாலையும் பருவமும்

புர்மமார்க்காவிலிருந்து ஹாமா கணவாய் வழியாகச் சான் பெத்ரோ வரை 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்கத் தார்ச்சாலை. வழியில் 4,170 மீட்டர் லிபான் மேடு, பிறகு சலினாஸ் கிராந்தெஸ் உப்புத்தளம். ஹாமாவில் பெட்ரோல் நிரப்பாமல் சிலிக்குள் நுழையாதீர்கள். அடுத்தது 160 கிலோமீட்டர் தள்ளி, சான் பெத்ரோவில்தான். கடைசி நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் 2,000 மீட்டர் இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும், தாழ்ந்த கியரில்தான் வர வேண்டும். வாடகைக் காரில் எல்லை தாண்ட எழுத்து அனுமதி தேவை, அதைப் பல நாள் முன்பே கேட்டு வைக்க வேண்டும். ஊயூனிப் பக்கம் சொந்தமாக ஓட்டுவது வீண் வீம்பு. தடம் மணலில் பத்தாகப் பிரியும், செல்போன் எடுக்காது.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை. ஊயூனி உப்புத்தளம் கண்ணாடி ஆவது அப்போதுதான், ஆனால் தண்ணீர் ஏறினால் கள்ளி நிறைந்த இன்காவாசி தீவுக்குப் போக முடியாது. உமவாக்கா சாலையிலும் மண்சரிவு வரும். ஜூன்–ஆகஸ்டில் ஹாமா பனியில் மூடலாம், ஊயூனி இரவுகள் மைனஸ் 15-க்கும் கீழே. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஏப்ரல்–மே, செப்டம்பர்–நவம்பர் தோது. அத்தகாமாவில் நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்க்க வேண்டும்.

எட்டு ஒன்பது நாள்தான் லீவு என்றால் சால்தா–ஹுஹுய் மட்டும் போதும். பாலையும் கோட்டையும் ஒரே சாலையில் கிடைப்பது அங்கேதான். இரண்டு வாரம் இருந்தால் சால்தா, தில்காரா, சான் பெத்ரோ, ஊயூனி, கடைசியாக லா பாஸும் திவானாக்கும், இதே வரிசையில். லா பாஸில் இறங்கித் தொடங்கும் திட்டத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

எல்லையில்

சிலி விவசாயச் சோதனை கடுமையானது. பழம், விதை, தேன், பால் பொருள் எதையும் படிவத்தில் குறிக்காமல் கொண்டுபோனால் அபராதம். பருப்புப்பொடி, ஊறுகாய் பாட்டிலையும் எழுதிக் காட்டிவிடுங்கள். பொலிவியாவில் தெருவில் விற்கும் கொக்கா இலையைச் சிலிக்குள் எடுத்துவரக் கூடாது. சைவர்கள் "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழி வரும். "சின் போயோ, சின் பெஸ்காதோ" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எல்லையும் தனி நுழைவு என்பதால், திரும்பி வரும் நாட்டுக்குப் பலமுறை நுழைவு விசா இருக்கிறதா பாருங்கள்.

அர்ஜென்டினாவும் பொலிவியாவும் இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை, சிலி இல்லை. ஊசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்கினால் தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும் என்பதால் டிக்கெட் எடுத்த வாரமே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.