திருகோணமலை வளவில் ஓர் உறைபனித் துணி: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், நல்லதைப் பிறகு சொல்லலாம். உறைபனி படாமல் இரவில் செடிக்கு மேலே போர்த்தும் இந்த மெல்லிய வெள்ளைத் துணி உதிர்கிறது. கிழிந்தால் ஒட்டுப் போடலாம். இது வெயிலில் காய்ந்து காய்ந்து, ஒருநாள் தூக்கிப் பிடிக்கும்போது அப்பளம் மாதிரி கையோடு நொறுங்கி வரும். அன்றிலிருந்து வளவெல்லாம் வெள்ளைப் பிசிறுதான். வேலிக் கம்பியில், எலுமிச்சை முள்ளில், மண்வெட்டிப் பிடியில், கொடியில் காயப்போட்ட சாரத்தில். மண்ணைக் கொத்தினால் உள்ளேயும் கிடக்கும். பொலிபுரொப்பிலீன், உக்காது. ஈர மணலோடு சேர்ந்து விரலில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. வருஷக்கணக்காக இதைப் பாவித்தும் எனக்குப் பழகாத விஷயம் இது ஒன்றுதான்.

துணி ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் தந்தது. சதுர மீற்றருக்கு 30 கிராம் வகை. அங்கே மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்த பிறகுதான் தக்காளி, மிளகாய் நாற்றை ஆட்கள் துணிந்து வெளியில் வைப்பார்கள். மச்சாளுக்குப் பொறுமை கிடையாது. முன்கூட்டியே நட்டுவிட்டு இரவில் இந்தத் துணியால் மூடுவா. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். இலை பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்து, உள்ளே இருக்கும் நீர் உறைந்தால் விடிந்ததும் கறுத்துத் தொங்கும். துணியை நிலம்வரை இழுத்து மூடினால் மண்ணின் சூடு கொஞ்சம் உள்ளேயே நிற்கும். அதில் கிடைப்பது இரண்டு முதல் நான்கு பாகைதான். நடு விண்டரில் இதை நம்பி ஒரு செடியும் வெளியில் நிற்காது. அதனால்தான் அவவின் கறிவேப்பிலைச் சட்டி ஒக்டோபருக்கு முன்பே வீட்டுக்குள் ஏறிவிடுகிறது.

எங்கள் நாட்டில் இதற்குச் சரியான இடம் நுவரெலியா. தை, மாசியில் அங்கே துகள் உறைபனி கொட்டித் தேயிலைக் கொழுந்து கருகும். திருகோணமலையிலோ தை மாத விடியலிலும் 24 பாகையை ஒட்டித்தான் நிற்கும். துணியைப் பார்த்த மாமி கேட்டா: "கொச்சிக் கண்டுக்கும் நுளம்பு வலையோ பிள்ளை?"

மாமி பகிடிக்குக் கேட்டதுதான் கடைசியில் சரியாக வந்தது. மிளகாய் நாற்றுக்கு எங்கள் பக்கத்தில் மழையைவிடப் பெரிய எதிரி வெள்ளை ஈ. ஒரு மில்லிமீற்றர்தான் இருக்கும். இலையின் அடியில் குந்திச் சாறு குடிக்கும், போகும்போது இலைச்சுருள் வைரஸைக் கொடுத்துவிட்டுப் போகும். நாற்று மேடையிலேயே தொற்றிய கன்று நட்ட பிறகு குருத்துச் சுருண்டு, குட்டையாகி, காயே தராமல் நிற்கும். முன்பெல்லாம் வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோகும், பாதிக் கன்று அப்படியும் சுருளும். விதை போட்ட அன்றே இந்தத் துணியால் மூடத் தொடங்கியதில் இருந்து நடுகைக்குப் பிடுங்கும் கன்றுகளின் குருத்து விரிந்து, இலை பளபளவென்று இருக்கிறது. முதல் தடவை ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை. பனிப்பூச்சி இன்னும் ஒடுக்கம், சிற்றுண்ணி இன்னும் சிறிது, அவற்றை இது முழுதாகத் தடுக்காது. மூடுவதற்கு முன்பே ஈ உள்ளே இருந்தால் இன்னும் மோசம்: அதைத் தின்னும் பூச்சிகளை வெளியில் நிற்பாட்டிவிட்டு ஈக்கு நாங்களே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். பாகலுக்கும் பூசணிக்கும் மூடுவதானால் பூ வந்ததும் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் தேனீ வராது, பிஞ்சு பிடிக்காது.

மழைக்கு எப்படி என்று கேட்டால் அரைகுறைதான். வருஷ மழையில் பெரும்பங்கை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாங்குகிற ஊர் இது. பெருந்துளி துணியில் மோதித் தூவானமாகி உள்ளே இறங்கும். மணல் தெறித்து இலையில் ஒட்டாது, நாற்றும் சரியாது. அதுவரை அருமை. நாட்கணக்காய் ஊற்றினால் துணி ஊறித் தொய்ந்து நாற்றின் மேலேயே படுத்துவிடும். உள்ளே காற்றோட்டம் இல்லாமல் தண்டின் அடி நீர்கோத்து, நாற்றழுகல் தொடங்கும். மழை விட்ட கையோடு ஒரு பக்கத்தைத் தூக்கிவிடவேண்டும்.

வயர் போடும் பிவிசி குழாயை வளைத்து வில்லாகக் குத்தியதில் தொய்வு குறைந்தது. வாடைக்காற்றுக்கு அது போதாது. ஓரத்தில் ஆணி குத்தினால் ஆணி குத்திய இடத்தில் இருந்தே கிழியும், கல் வைத்தால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்றுப் புகுந்து தூக்கும். கடற்கரையில் கழித்துப் போட்ட வலைத் துண்டு ஒன்றை ஈயக் குண்டுகளோடு கேட்டு வாங்கி, துணிக்கு மேலே விரித்துவிட்டேன். குண்டுகள் ஓரத்தை நெடுக அமத்திப் பிடிக்க, கண்ணி நடுவைத் தூக்கவிடாமல் பிடிக்கிறது. இந்தத் துணிக்கு என்று விற்கும் பிளாஸ்டிக் முளைகளும் மச்சாளின் பொதியில் வந்தன. அவை இப்போது கொடியில் உடுப்புக் கொழுவக்கூட உதவாமல் கிடக்கின்றன. சூறாவளி எச்சரிக்கை வந்தால் வலை, குண்டு எதையும் நம்பாமல் துணியை மடித்து உள்ளே வையுங்கள். 2020 டிசம்பரில் புரெவி எங்களுக்கு வடக்கே கரையேறியது ஞாபகம் இருக்கும்தானே.

மான்களுக்கு இது ஒரு தடையே இல்லை. கோட்டைப் பக்கத்தில் இருந்து நகரத்துக்குள் உலாவும் புள்ளிமான் ஒன்று மூக்கால் ஓரத்தைக் கிளப்பி, கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிட்டுப் போனது. படலையைப் பூட்டுவதுதான் அதற்கு வழி.

சூடாய்க் காய்ந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் இதைத் தொடவே வேண்டாம். சூட்டைப் பிடித்து வைக்கச் செய்த துணி தன் வேலையைச் சரியாகவே செய்யும், நாற்று உள்ளே அவிந்துபோகும். அந்த மாதங்களுக்குக் கறுப்பு நிழல் நெற், இல்லாவிட்டால் கிடுகு.

போன கிழமை கூட வேலைசெய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, லண்டனில இருந்து அண்ணா வாறார். அந்த வெள்ளைத் துணி ஒரு ரோல் கொண்டுவரச் சொல்லட்டோ?" அவளுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அன்று காலையில்தான் மண்ணில் இருந்து பிசிறு பொறுக்கிக் களைத்திருந்தேன், அதையும் கணக்கில் எடுங்கள்.

வேண்டாம். மிளகாயைக் காப்பாற்றியது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையை விவசாயப் பொருட்கள் விற்கும் கடைகளில் கெஜக் கணக்கில் வெட்டித் தருகிற பூச்சி நெற்றும் செய்யும். 40, 50 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண் உள்ளதாகக் கேட்டு வாங்கினால் வெள்ளை ஈ நுழையாது. வெயிலுக்கென்று பதப்படுத்தியது, காற்றுப் போய்வரும், கழுவிச் சுருட்டி அடுத்த போகத்துக்கும் எடுக்கலாம். விலை கூடத்தான், ஆனால் எலுமிச்சை முள்ளில் இருந்து பிசிறு பிடுங்கவேண்டி வராது. அண்ணாவின் பெட்டியில் இடம் இருந்தால் நல்ல கவாத்துக் கத்தரிக்கோல் ஒன்று கொண்டுவரச் சொல்லு.