பெட்டி நல்ல பெட்டி, கைப்பிடிதான் ஆட்டம்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில், ஆக்கூர் தாண்டித் திருக்கடையூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் இரண்டு பெட்டியை நிமிர்த்தி வைத்திருப்பார், அதுதான் பலகை. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வேன் வேனாகத் திருக்கடையூர் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்களாம். கடைக்காரரே சொல்லிச் சிரிப்பார். எமனை உதைத்த சாமி இருக்கிற ஊருக்குப் போகிற வழியில் சவப்பெட்டிக் கடை. வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது.

சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் பெட்டி அண்ணன். சொந்தப் பெயரை நெட்டில் போடாதே என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

இந்த மாதிரிக் கடைக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. வாங்கப் போகிறவர் அழுத முகத்தோடு போவார், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருவார். யாருக்கு வாங்கினோமோ அவர் குறை சொல்லப்போவதில்லை. நான் தையல்காரி. இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். அழுதுகொண்டிருந்தாலும் கண் தையலுக்குத்தான் போகும். அதனால் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் அப்பா இறந்தார். விடிகாலை நாலரை, வெளியே அடைமழை. தம்பி சிங்கப்பூரில். மறுநாள் காலை திருச்சியில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து வரவேண்டும். ஏழு மணிக்குச் சித்தப்பா மகன் பைக்கில் ஏறிக் கடைக்குப் போனேன். பொம்பளை எதுக்கு அங்கே என்று வீட்டில் ஒரு குரல் எழும்பியது. அவனுக்கு அளவு தெரியாது, நான்தான் போயாகணும்.

அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீக்கு ஆள் அனுப்பினார். மரம், விலை எதுவும் பேசுவதற்கு முன்னால், "எந்தச் சபை பாப்பா?" என்றார். சொன்னேன்.

"சீட்டு போட்டுட்டாங்களா?" அடக்கத்துக்குச் சபை தருகிற சீட்டைத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "பெட்டி மத்தியானத்துக்குள்ள ஆயிடும். ஒங்க சபையில சீட்டுதான் ஆகாது. மொதல்ல அதப் பாப்போம்."

எங்கள் சபைச் சண்டையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டினார்கள், கணக்கு வாசித்தார்கள். அப்பா எழுந்து, செங்கல் எத்தனை லோடு என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த தேர்தலில் இரண்டு அணி, இரண்டு நோட்டீஸ், கிறிஸ்துமஸுக்குக் கேரல் ரவுண்டுகூட இரண்டு. ஒரு கேரல் எங்கள் வாசலில் நின்று பாடும். இன்னொன்று டார்ச் லைட்டைத் தாழ்த்திக்கொண்டு தாண்டிப் போகும். அப்பா அணி தோற்றது. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், சந்தா கட்டுவதையும் நிறுத்தினார். ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கிற நேரத்தில் ஞானப்பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். திறக்க மாட்டார்.

அன்றைக்குக் காலை கமிட்டிச் செயலாளர் ஃபோனில் சொன்னது இது. ஆறு வருஷச் சந்தா பாக்கி வரவேண்டும், ஒரு மன்னிப்புக் கடிதம் வரவேண்டும். இரண்டும் வந்தால் துக்க மணி உண்டு, கோயிலுக்குள் வைத்து ஆராதனை உண்டு. வராவிட்டால் வீட்டிலிருந்து நேராகக் கல்லறை, அதுவும் அம்மா பக்கத்தில் இல்லை, பின்பக்கத்துப் புது இடத்தில். இறந்துபோன மனுஷன் எப்படி சார் கடிதம் எழுதுவார் என்று கேட்டேன். குடும்பம் எழுதலாமாம். போதகர் ஊருக்குப் புதியவர், வந்து நாலு மாதம். வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார், அழக்கூடச் செய்தார். மணிக்கயிறு அவர் கையில் இல்லை.

இவ்வளவையும் பெட்டி அண்ணனிடம் கொட்டினேன். செயலாளர் யார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மேஜைக்குள்ளிருந்து நீளக் கணக்கு நோட்டை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினார், ஒரு பக்கத்தில் விரலை வைத்தார், மூடினார். "சந்தாவக் கட்டிரு. கடுதாசி எழுதாத" என்றார். பிறகுதான் இஞ்சி டேப்பை எடுத்தார்.

"ஒசரம்?"

"அறுபத்தெட்டரை இஞ்ச்."

"தோளு?"

"பதினெட்டு."

நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் ஆறடி இருப்பார் என்று கையை விரித்துத்தான் காட்டுவார்களாம். அப்பாவுக்குச் சட்டை தைத்ததெல்லாம் நான்தான். கடைசியாக வெட்டியபோது தோள் பதினேழேகாலுக்கு வந்துவிட்டது. பழைய அளவையே சொன்னேன்.

பலகை அறுபடுகிற நேரத்தில் ஏதாவது பேச வேண்டுமே என்று, அப்பா அடிக்கடி சொல்கிற ஒரு கதையைச் சொன்னேன். அப்பா சரித்திர வாத்தியார். புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 தரங்கம்பாடியில் இறங்கினார், எல்லாருக்கும் தெரியும். இரண்டே வருஷத்தில் அவர் ஜெயிலுக்குப் போனது பலருக்குத் தெரியாது. ஒரு நாவிதர் இறந்துபோனார். அவருக்கும், தரங்கம்பாடியை வைத்திருந்த டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் கொடுக்கல் வாங்கல் தகராறு. அது விதவையின் தலையில் விழுந்தது. சீகன்பால்கு அந்த அம்மாவுக்காகப் பேசப் போனார், கோட்டைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டார். எழுத்தில் ஆணை கொடு, வருகிறேன் என்றார் இவர். 1708இல் பிடித்து உள்ளே போட்டார்கள், நாலு மாதத்துக்கு மேல். செத்தவர் வைத்துப்போன பாக்கியை உயிரோடு இருக்கிறவர் கழுத்தில் கட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் அன்றைக்கே இருக்கிறது என்பார் அப்பா. 1718இல் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் கோயிலிலேயே மறு வருஷம் அவரை அடக்கம் பண்ணினார்கள்.

"அப்பவே ஆர்.சி.காரன் மேலதான் பழியா?" என்றார் அண்ணன். அவர் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். கடைச் சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், பக்கத்தில் மின்சார பில். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சித்தப்பா மகனுக்குச் சங்கடமாகிவிட்டது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். ப்ளைவுட் 9,000, மாம்பலகை 14,500. தேக்கு கேட்டால் செய்து தருவார். "ஆனா கேக்காத, மண்ணு திங்கத்தான் போவுது" என்றார். ப்ளைவுட்டும் வேண்டாம் என்றார். ஐப்பசி கார்த்திகையில் நம் மண்ணில் அது அப்பளம் மாதிரி ஊறிவிடுமாம். மாம்பலகையை எடுத்தோம். இழைப்பு நன்றாக இருந்தது. உள்பக்கத்தில்கூடக் கையை ஓட்டினால் சிலாம்பு குத்தவில்லை. மூலைகளில் ஆணியோடு பசையும் உண்டு.

அடிப்பலகையில் ஆறு துளை போட்டார், சுண்டுவிரல் போகிற அளவு. எதற்கு என்று கேட்டேன். இது கடைமடை. மழைக்காலத்தில் மூன்றடி தோண்டினாலே குழியில் தண்ணீர் ஊறிவிடும். துளை இல்லாத பெட்டி மிதக்கும். ஒரு ஊரில் அப்படி மிதந்து, நாலு பேர் மூங்கிலை வைத்து அமுக்க, பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். "அது கண்ணுல படக்கூடாது பாப்பா. பாத்தா போவாது." டவுனில் பளபளவென்று விற்கிற பெட்டியில் இந்தத் துளை இருக்குமா என்று பார்த்து வாங்குங்கள். மறுநாள் குழியில் பக்கெட் பக்கெட்டாக இறைத்தும் முழங்கால் தண்ணீர் நின்றது. பெட்டி இறங்கியது, ஒரு பக்கமும் சாயவில்லை, ஆடாமல் உட்கார்ந்தது. இந்த ஒரு காரியத்துக்கே 14,500 தகும்.

இனிக் குறை. உள்ளே போடுகிற வெள்ளை சாட்டின் மோசம். சுருக்கு வைத்துத் தைக்கவில்லை, ஸ்டேப்ளர் பின்னால் அடித்திருக்கிறார்கள். இரண்டு இஞ்சுக்கு ஒன்று, இடது பக்கத்தில் மூன்று பின்னுக்குக் கால் மடங்காமல் துருத்திக்கொண்டிருந்தது. தலைமாட்டில் துணி பற்றாமல் குறுக்குத் துண்டை ஒட்டுப் போட்டிருந்தார்கள். தலையணைக்குள் இழைப்புச் சுருள். ஓரம் மடித்துக்கூட அடிக்கவில்லை, நூல் பிரிந்து தொங்கியது. ராத்திரி எல்லாரும் கூடத்தில் பாடிக்கொண்டிருக்க, நான் பின்கட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்து, வீட்டு இலவம்பஞ்சை அடைத்துக் கைத்தையல் போட்டேன். நான் அழுது முடித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு நன்றி சொல்வதா, குறை சொல்வதா தெரியவில்லை.

மூடியில் பெயின்டில் எழுதியதில் பிறந்த வருஷம் தப்பு. 1949க்கு 1947. வெள்ளை அடித்து மேலே எழுதிக் கொடுத்தார், ஆனாலும் பழைய 7 தெரிந்தது. அப்பா பார்த்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்.

கைப்பிடி நாலில், கால்மாட்டு இடது பக்கத்துக் கைப்பிடி ஆட்டம். கோயில் படியில் ஏற்றும்போது அது திரும்பித் தம்பியின் விரலைக் கிழித்துவிட்டது, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். சின்னத் திருகாணியைப் போட்டு விட்டிருக்கிறார்கள். இதை மட்டும் நான் மன்னிக்கவில்லை. ஃப்ரீசர் பாக்ஸ் நாளைக்கு 3,000, ரைஸ்மில் மாதிரிச் சத்தம். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு நாம்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

டெலிவரி தாமதம். மூன்று மணிக்கு என்றார், வந்தது ஐந்தே கால். அதற்கு முன்னால், நாலே முக்காலுக்கு, மணிச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் வயசுக்கு ஒன்று அடிப்பார்கள். விடிகாலையில் போனவருக்குச் சாயங்காலம் அடிக்கிறது. கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் எண்ணினேன். எழுபத்தைந்து.

என்ன நடந்தது என்று டெம்போ டிரைவர் பிறகு சொன்னான். வண்டியைச் செயலாளர் வீட்டு வாசலில் நிறுத்தி, கயிறு தளர்ந்துவிட்டது என்று பெட்டி அண்ணன் இறங்கினாராம். தார்ப்பாயை விலக்கி, பெட்டி தெரியும்படி வைத்து, குடை பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கயிறு கட்டினாராம். தெருவே எட்டிப் பார்த்தது. செயலாளர் வெளியே வந்தார். "ஒங்க அம்மா பெட்டிக் கணக்கு நோட்டுல அப்படியே இருக்கு சார், அவசரமில்ல" என்று மட்டும் அண்ணன் சொன்னாராம். டிரைவர் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் பேசுவான். அண்ணனிடம் கேட்டால், "மழையில வண்டி நின்னுருச்சும்மா" என்கிறார்.

சந்தா மாதம் 100, ஆறு வருஷத்துக்கு 7,200. தம்பி வந்ததும் கட்டிவிட்டான், ரசீது என்னிடம் இருக்கிறது. கடிதம் யாரும் எழுதவில்லை, யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. எனக்கு அந்த 7,200 இன்றைக்கும் எரிகிறது. அண்ணனோடு ஒத்துப்போகாத இடம் இது. "காசுல போறத காசுல விட்டுரு" என்பது அவர் கட்சி. செங்கல் எத்தனை லோடு என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே என்பது என் கட்சி.

அம்மா பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். செயலாளர் கல்லறைத் தோட்டத்து வாசலில் குடையோடு நின்றார், உள்ளே வரவில்லை. மண் போட்டு முடிகிறவரை போகவும் இல்லை.

சபைக் குடும்ப அட்டையைத் தேடியபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஆறு வருஷத்துக்கு முந்தைய கமிட்டிக் கடிதம் கிடைத்தது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் 17ஆம் வசனத்தை மட்டும் டைப் அடித்திருந்தார்கள். சபைக்கும் செவிகொடாதவனை அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் வை என்கிற வசனம். ஓரத்தில் சிவப்பு மையில் அப்பா: "15, 16 எங்கே?" முதலில் நீ தனியாகப் போய் அவனோடு பேசு என்பது 15. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்பது 16. எங்கள் வீட்டுக்குத் தனியாக யாரும் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், அப்பாவும் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை.

முப்பதாம் நாள் கழித்துக் கடையில் மீதிக் காசைக் கொடுக்கப் போனபோது, கைப்பிடி, சாட்டின், வருஷம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். உள்ளே போய் ஒரு சாட்டின் ரோலைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். இப்போது அவர் பெட்டிகளுக்கு உள்துணி நான்தான் தைக்கிறேன். பெட்டிக்கு 300, இலவம்பஞ்சுத் தலையணை என்றால் 120 கூட. ஆகவே என் புகழ்ச்சியைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம், கைப்பிடிக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும்.

போகிறவர்கள் அளவை இஞ்சில் எழுதிக்கொண்டு போங்கள். கைப்பிடி நாலையும் தூக்கிப் பாருங்கள். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் ஃபோனை எடுப்பார். ரசீது கேட்டால்தான் தருவார், கேளுங்கள்.