செகண்ட் ஹேண்ட் .32 ரிவால்வர்: கடையில் 1,75,000, ஊத்தங்கரையில் 92,000

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் தேடுவீர்கள். 92,000 ரூபாய். ஐஓஎஃப் (அரசின் இந்தியப் படைக்கலத் தொழிற்சாலை) .32 ரிவால்வர், ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். அதற்கு முன்னால் ஒரு கடையில் இதே ரகத்தை, இதைவிட மோசமான நிலையில் இருந்ததை, 1,75,000 என்று சொல்லி, "டிமாண்ட் சார், நாளைக்கு வந்தா இருக்காது" என்று அவசரப்படுத்தினார்கள். மூன்று மாதம் கழித்துப் போன் போட்டுக் கேட்டேன். இருந்தது.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி. சீசனில் கையில் பணத்தோடு அர்த்தராத்திரியில் வீடு திரும்ப வேண்டியிருக்கும், அதைச் சொல்லித்தான் லைசன்ஸ் வாங்கினேன், அந்த அலைச்சல் தனிக்கதை. துப்பாக்கிப் பைத்தியமெல்லாம் கிடையாது. லைசன்ஸ் கைக்கு வந்த பிறகுதான் விலை என்ற பெயரில் நடப்பது தெரிந்தது. பழைய டிராக்டருக்கும் புல்லட் பைக்குக்கும் நாலு பேரிடம் கேட்டால் ஒரு மார்க்கெட் ரேட் கிடைக்கும். இதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. வாங்குகிறவன் லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும், விற்கிறவனும் வைத்திருக்க வேண்டும், ஆகவே சந்தையே சின்னது, கடைக்காரர் சொன்னதுதான் ரேட்.

முதலில் அந்தக் கடை. எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்காதீர்கள். உபசரிப்புக்குக் குறை சொல்ல முடியாது, டீ வந்தது, ஃபேன் போட்டார்கள். பச்சை வெல்வெட் துணியை விரித்து அதன்மேல் ரிவால்வரை வைத்தார் பாருங்கள், நகைக்கடை தோற்றது. கருநீலத்தில் பளபளவென்று இருந்தது. "மிலிட்டரி ஆபீசர் வெச்சிருந்தது, சுட்டதே இல்ல" என்றார். மாட்டுக்காரன் கொம்புக்கு எண்ணெய் தடவிப் போச்சம்பள்ளிச் சந்தைக்குக் கொண்டுவந்தால் நாம் கொம்பையா பார்ப்போம், பல்லைத்தானே பிடித்துப் பார்ப்போம்.

சிலிண்டர் காலிதானா என்று நானே திறந்து பார்த்துவிட்டு (அவர் சொன்னாலும் பாருங்கள், யார் சொன்னாலும் பாருங்கள்) செல்போன் டார்ச்சை அடித்தேன். துப்பாக்கியின் உடல் சட்டத்தில் (ஃபிரேம்) குத்தியிருந்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது. புதுசாக வந்த துப்பாக்கியில் எழுத்து கூர்மையாக இருக்கும். மழுங்கியிருந்தால் பஃபிங் போட்டுத் தேய்த்து மறுபடி நிறம் ஏற்றியிருக்கிறார்கள். பேரலுக்கு அடியில், துணி போகாத மூலையில், நிறத்துக்குக் கீழேயே ஊசி குத்தினது போலக் குழிகள், பழைய துரு. ஸ்க்ரூ தலை இரண்டும் சிதைந்திருந்தது, பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் யாரோ திறந்திருக்கிறார்கள். சுட்டதே இல்லாததை எதற்கய்யா திறந்தீர்கள்?

அப்புறம்தான் முக்கியமான சோதனை. என் மச்சான் கிருஷ்ணகிரியில் புல்லட் மெக்கானிக். அவன் டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வைத்திருக்கும் கேஜை (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) இரவல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் போயிருந்தேன். சிலிண்டர் முகத்துக்கும் பேரலின் பின்முனைக்கும் நடுவே உள்ள சந்தில் 0.15 மில்லிமீட்டர் தகடு போனால் பரவாயில்லை, 0.25 தாராளமாகப் போய்வந்தால் தேய்மானம். இங்கே 0.25 வழுக்கிக்கொண்டு போனது. காலித் துப்பாக்கியில் ஹேமரை (பின்பக்கம் இருக்கும் சுத்தியல்) பின்னால் இழுத்து, சிலிண்டரை விரலால் அசைத்தால் இம்மி அசையலாம், ஆனால் இது பால் பல் மாதிரி ஆடியது. அப்படி ஆடினால் தோட்டா அறை பேரலுக்கு நேராக வந்து நிற்காது, ஈயம் ஓரத்தில் செதுக்கிப் பக்கவாட்டில் தெறிக்கும். "அதெல்லாம் அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

இந்த ரகத்தில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். ஐஓஎஃப் .32 என்பது பழைய பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி மார்க் 4-ஐ அடியொற்றிச் செய்தது. கட்டை விரலால் கொக்கியைத் தள்ளினால் நடுவில் மடிந்து ஆறு தோட்டாவையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளும். மடிகிற கீலும் மேலே பூட்டுகிற கொக்கியும்தான் அதன் உயிர். பிடியை ஒரு கையிலும் பேரலை ஒரு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். படம் காட்டுவதற்காகப் படார் படாரென்று திறந்து மூடியிருந்தால் அங்கே ஆட்டம் இருக்கும்.

சரி, விலை விஷயம். டிமாண்ட் இருப்பது உண்மை. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது எண்பதுகளின் நடுவிலேயே நின்றுபோனது, அதனால் பழைய வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பதுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதற்கு உச்சவரம்பே கிடையாது, லட்சம் லட்சமாகச் சொல்வார்கள், ஆசைப்பட்டவன் கொடுப்பான், அந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை. அப்படி வாங்குகிறவர்கள் தோட்டாவுக்கு என்ன வழி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். (பிஸ்டலுக்கு வரும் .32 வேறு, ரிவால்வருக்கு வரும் .32 வேறு, இதில் ஏமாந்தவர்களும் உண்டு.)

ஆனால் ஐஓஎஃப் கதை அப்படி இல்லை. கான்பூரில் இன்றைக்கும் புதுசு வருகிறது. படைக்கலத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் கம்பெனிகளாகப் பிரித்தபோது கான்பூர் ஆலை ஏவெயில் (AWEIL) என்ற அரசுக் கம்பெனியின் கீழ் வந்தது, 2023-ல் பிரபல் என்று பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் மாடல்கூட விட்டார்கள். உத்தரப்பிரதேசத்தில் சண்டிலாவில் வெப்லி பெயரிலேயே .32 தயாராகிறது. புதுசு கிடைக்கிற பொருளுக்குப் பழசின் விலை புதுசின் விலையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. புதுசுக்கு இன்றைய விலையை வரியோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதியிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். சிலிண்டர், கீல், பேரல் மூன்றும் சுத்தமாக இருந்தால் மேலே ஏறலாம், முக்கால் பங்கைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுவேன். புதுசுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம், தப்பில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதம் ஆனதையும் கடைக்காரர்கள் இழுப்பார்கள். அதனால் புதுசு விலை ஏறியது நிஜம், பழசும் கொஞ்சம் ஏறும், ஆனால் 2014-ல் டைட்டானியக் கலவையில் வந்த ஐஓஎஃப் நிர்பீக் மாடலுக்கே 1,22,360தான் விலை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஊத்தங்கரைப் பெரியவரை ஒரு உறவுக்காரர் மூலம் பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர், 2001-ல் வாங்கியது, லைசன்ஸ் புத்தகத்தில் தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் சீல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தானே. லைசன்ஸ்காரருக்கு எழுபது வயதானாலோ இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் இடமுண்டு, ஆனால் பையன்கள் இரண்டு பேரும் பெங்களூரில், "அந்தச் சனியன் எங்களுக்கு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்களாம். நல்ல சரக்கு இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாக்கினார்கள், அப்போது மூன்றாவதை விட்டவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

பெரியவர் வீட்டில் எனக்குப் பிடித்தது அந்த லைசன்ஸ் புத்தகம். தோட்டா எப்போது, எத்தனை வாங்கினார் என்று அதில் பதிவு இருக்கும், வண்டிக்குக் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி. மொத்தமே ஐம்பது வாங்கியிருக்கிறார், அதில் முப்பத்திரண்டு டப்பாவில் அப்படியே இருந்தது. ஆக, சுட்டது பதினெட்டு. கேஜில் 0.15 நுழைந்தது, அடுத்த தகடு நுழையவில்லை. எழுத்துகள் கூர்மை. இடப்பக்கம் மட்டும் நிறம் லேசாகப் போயிருந்தது. "அது எலக்‌ஷன் தம்பி" என்றார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்களே, 2024-ல் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை, அவ்வளவு நாளும் அங்கேதான். திரும்பி வந்த அன்றே தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவாராம். பழசு வாங்குகிறவர்கள் தேர்தலுக்கு அப்புறம் பார்ப்பது நல்லது, கவனிக்காத ஆளாக இருந்தால் துரு தெரிந்துவிடும்.

அவர் ஒரு லட்சம் கேட்டார், நான் எண்பத்தைந்து சொன்னேன், அந்தம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு "தொண்ணூத்தி ரெண்டுன்னு முடிங்க" என்றார், முடிந்தது. பிறகு காகித வேலை. தனியாரிடமிருந்து தனியாருக்கு என்றால் விற்கிறவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழியும் வரை பொருள் கைமாறக் கூடாது. அந்த இடைவெளியில் வேறொருவர் வந்து 1,10,000 தருகிறேன் என்றிருக்கிறார். பெரியவர் எனக்குப் போன் போட்டுச் சொன்னார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பயப்படாத தம்பி, சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டார். பேப்பர் இல்லாமல் கம்மி விலைக்குத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் அவன் நம்பரையே அழித்துவிடுங்கள்.

பொருள் எப்படி? 700 கிராம், மூன்று அங்குல பேரல், கைக்கு அடக்கம். டபுள் ஆக்‌ஷனில் (டிரிகரை மட்டும் இழுத்துச் சுடுவது) டிரிகர் கனமாகத்தான் இருக்கும், சிங்கிளில் (ஹேமரை முதலில் பின்னால் இழுத்து வைத்துச் சுடுவது) சுகம். கிட்டத்தில் இருக்கும் இலக்குக்குத்தான் சரி, தூரத்துக்கு எதிர்பார்க்கக் கூடாது. தளியில் இருக்கும் என் மாமா ராகிக் காட்டுக்கு யானை வந்தால் உதவுமா என்று கேட்டார். மாமா, அது சுண்டல் எறிந்த மாதிரி, யானைக்குக் கோபம்தான் வரும், வழக்கமா போடற பட்டாசையே போடுங்க என்றேன்.

கொடுக்கும் நாளில் பெரியவர் ரிவால்வரை நீட்டிவிட்டு, "உறைய மட்டும் நான் வச்சுக்கட்டுமா" என்று கேட்டார். பழைய தோல் உறை, இருபது வருடமாக அவர் இடுப்பில் இருந்தது. வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். தோல் உறையிலேயே போட்டு வைத்தால் ஈரம் பிடித்துத் துரு ஏறும் என்பதால் எனக்கு அதில் நஷ்டமும் இல்லை. எண்ணெய் தடவிப் பருத்தித் துணியில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன்.